படிப்பகத்துப் புரொஜெக்‌ஷன் டி.வி.யில் படம் மங்கிவிட்டது, உடனே உதவி தேவை

தங்கச்சிமடம் படிப்பகம்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் படிப்பகத்தில் உள்ள பெரிய புரொஜெக்‌ஷன் டி.வி.யில் படம் மிகவும் மங்கிவிட்டது. பகலில் ஆட்டக்காரர் முகமே தெரிவதில்லை. இரவில் விளக்கை அணைத்தால் ஓரளவு தெரிகிறது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் முழுதாக ஏற்றிப் பார்த்தும் பயனில்லை. தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கட்டிக் கிடப்பதால் மாலையானால் எல்லோரும் கிரிக்கெட் பார்க்க இங்கேதான் கூடுகிறார்கள், எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். எதை மாற்றினால் சரியாகும் என்று விரைந்து சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா
தம்பி, புரொஜெக்‌ஷன் டி.வி. என்பதில், அதாவது உள்ளிருந்தே படத்தைத் திரையில் வீழ்த்தும் பெட்டியில், இரு வகைகள் உண்டு. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறிய பிக்சர் டியூப்கள் உள்ளவை பழையவை. ஒரே விளக்கின் ஒளியில் இயங்குபவை பிறகு வந்தவை. விளக்கு வகையாயின் விளக்கு தேய்ந்திருக்கலாம், மாற்றினால் வேலை முடிந்தது. உங்களுடையது எது? ரிமோட்டில் மெனுவை அழுத்தினால் திரையில் வரும் எழுத்துகளும் மங்கலாகத்தான் இருக்கின்றனவா? வெள்ளைச் சட்டை எந்த நிறத்தை நோக்கிச் சாய்ந்து தெரிகிறது?

தொண்டி மின்னகம்
இதில் ஆராய ஒன்றுமில்லை, குறைந்த மின்னழுத்தம்தான் காரணம். நம் கடற்கரை ஊர்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவதை அனைவரும் அறிவோம். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள்.

பழைய மெக்கானிக்
டி.வி.யின் வகை, வயது, மாதிரி எண் ஆகிய எதையும் எழுதாமல் எதை மாற்றலாம் என்று கேட்பது, நோயாளியை வீட்டில் படுக்க வைத்துவிட்டு வைத்தியரிடம் மருந்து மட்டும் கேட்பதைப் போன்றது. தொண்டி நண்பருக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இத்தகைய டி.வி.க்களின் பவர் சப்ளை, வரும் மின்னழுத்தம் கணிசமாக ஏறி இறங்கினாலும் உள்ளே சீராகவே கொடுக்கும். தாங்க முடியாத அளவுக்கு இறங்கினால் டி.வி. நின்றுபோகும், இப்படி நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வராது. அடிப்படை தெரிந்தவர்கள் பதில் எழுதினால் கேட்பவருக்குச் செலவு மிச்சமாகும்.

தங்கச்சிமடம் படிப்பகம்
டியூப் வகைதான், காக்கா. கீழே வரிசையாக மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கொடுத்தது. மாதிரி எண் ஒட்டியிருந்த தாள் அரித்துவிட்டது. மெனு எழுத்தும் மங்கல்தான். வெள்ளை, சற்று ஊதா கலந்த சிவப்பாகத் தெரிகிறது.

கீழக்கரை காக்கா
மெனு எழுத்து டி.வி.க்குள்ளேயே உருவாவது. அதுவும் மங்கலாக இருப்பதால் செட்டாப் பாக்ஸ், கேபிள் ஆகியவற்றின் மீது பழி இல்லை. வெள்ளை ஊதாச் சிவப்புப் பக்கம் சாய்கிறது என்றால் பச்சை குறைந்திருக்கிறது என்று பொருள். நீலம் குறைந்தால் மஞ்சள் அடிக்கும், சிவப்பு குறைந்தால் நீலப்பச்சை அடிக்கும்.

முதலில் கான்ட்ராஸ்டைப் பாதிக்குக் கீழே இறக்கி வையுங்கள். முழுதாக ஏற்றி வைத்தால் டியூபின் பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு விரைந்து தேய்வதோடு, திரையின் அடியில் அசையாமல் நிற்கும் கிரிக்கெட் ஸ்கோர் பட்டை நிலையான தழும்பாகப் பதிந்துவிடும்.

பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, நெடுநேரம் விட்டுப் பின்மூடியைத் திறவுங்கள். டியூபுக்குச் செல்லும் தடித்த ஒயர்களையும் அவை சேரும் இடத்தையும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்; ஓடும்போது அங்கே இருப்பது சுமார் 30,000 வோல்ட், பிளக்கைக் கழற்றிய பிறகும் டியூப் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். டார்ச் விளக்கை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் அடித்துப் பாருங்கள். லென்ஸ்கள் மேல்நோக்கி இருப்பதால் தூசி முதலில் அவற்றின் மீதுதான் படியும். நம் பக்கத்தில் அதனுடன் உப்பும் ஈரமும் சேர்ந்து பிசுக்காகிவிடும். மேற்பரப்பு தூய்மையாக இருந்தும் உள்ளே பால்போல வெளுத்தோ பாசி படர்ந்தாற்போலவோ தெரிந்தால், டியூபுக்கும் லென்ஸுக்கும் இடையில் உள்ள, டியூபின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் திரவம் கெட்டிருக்கிறது. சில மாதிரிகளில் அந்த இடத்திலேயே நிறம் ஏற்றியிருப்பார்கள், ஆகவே நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். கலங்கலைத்தான் பார்க்க வேண்டும்.

பாம்பன் விசைப்படகு
கூலண்ட்தான் கெட்டது என்றால் எளிது, அண்ணன். வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைக் கூலண்டும் அதே கிளைகால் என்னும் திரவம்தான். எங்கள் படகு இஞ்சினுக்கு வாங்கியது மீதம் இருக்கிறது, தருகிறேன்.

பழைய மெக்கானிக்
அந்த விபரீதத்தைச் செய்ய வேண்டாம். ரேடியேட்டர் கூலண்டில் சாயமும் துருத்தடுப்புப் பொருள்களும் கலந்திருக்கும், ஒளி ஊடுருவ வேண்டிய இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. டி.வி. டியூபுக்குரியது கிளைகாலும் கிளிசரினும் சேர்ந்த தெளிந்த திரவம். மேலும் கிளைகால் நச்சு. இனிப்பாக இருப்பதால் சிந்தினால் பூனை நக்கிவிடும், குழந்தைகளை அருகில் விடக்கூடாது. ஃபோகஸ், ஸ்கிரீன் என்று எழுதிய குமிழ்களையும் ஆர்வத்தில் திருப்பாதீர்கள். ஸ்கிரீன் குமிழை ஏற்றினால் படம் தெளிவடையாது. கறுப்பு சாம்பலாகி, திரையில் குறுக்குக் கோடுகள் ஓடும்.

ராமேஸ்வரம் வாசகன்
லென்ஸையும், படத்தைத் திரைக்குத் திருப்பிவிடும் உள் கண்ணாடியையும் எதனால் துடைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. ஆர்.ஓ. கேன் தண்ணீரும் பழைய செய்தித்தாளும் போதும். எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடிக்கு அதுதான்.

கீழக்கரை காக்கா
அலமாரிக் கண்ணாடி வேறு, இது வேறு. வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்புறம் இருக்கும். இதற்கு முன்புறம் இருக்கிறது. செய்தித்தாளால் தேய்த்தால் பூச்சே உரிந்து வந்துவிடும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவமும் கூடாது. முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். லென்ஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் அருகில் வரக்கூடாது. திரையின் வரிகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் திரையையும் அதே போக்கில் துடையுங்கள்.

ராமேஸ்வரம் வாசகன்
பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் சில கடைகளில் ஆசிட் கலந்ததைக் கொடுத்துவிடுகிறார்கள். குடிக்கத் தகுந்த ஆர்.ஓ. தண்ணீர் கண்ணாடிக்கு மட்டும் எப்படிக் கெடுதலாகும்?

பழைய மெக்கானிக்
குடிக்கலாம், ஆனால் அதில் கரைந்த உப்பு முற்றிலும் நீங்குவதில்லை. காய்ந்ததும் வெண்புள்ளியாக நிற்கும். உங்கள் ஊர் ஆழ்துளைத் தண்ணீரை வடிகட்டியதா, கேனில் வந்ததா என்பதைப் பொறுத்து அளவுதான் மாறும். ஆசிட் என்று அஞ்சுவோர் மருந்துக் கடையில் காய்ச்சி வடித்த நீர் கேட்டு வாங்கலாம்.

தொண்டி மின்னகம்
ஆர்.ஓ. தண்ணீரைக் குறை சொல்வோர் முதலில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும். என் கடையில் மீட்டர் இருக்கிறது. ஸ்டெபிலைசர் பற்றியும் என் கருத்து மாறவில்லை.

பாம்பன் விசைப்படகு
தண்ணீர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தங்கச்சிமடம் அண்ணன், மூடியைத் திறந்து பார்த்தீர்களா, இல்லையா?

தங்கச்சிமடம் படிப்பகம்
திறந்தோம். மருந்துக் கடைத் தண்ணீரால் லென்ஸையும் கண்ணாடியையும் துடைத்ததில் படம் நன்றாகத் தெளிந்திருக்கிறது, துணியெல்லாம் பழுப்பு. ஆனால் பச்சை லென்ஸுக்குள் ஓரத்தில் பாசி போல் தெரிகிறது, அங்கே துணி எட்டவில்லை. ஆட்டம் தொடங்கப் போகிறது, பிறகு எழுதுகிறேன்.

கீழக்கரை காக்கா
அது கூலண்ட்தான். ஊதாச் சிவப்புச் சாய்வுக்கும் அதுவே காரணம். அந்தத் திரவத்தை மாற்றுவதென்றால் டியூபையே வெளியே எடுக்க வேண்டும், சரியான ரப்பர் வளையம் போடாவிட்டால் கசிந்து கீழே உள்ள போர்டுகளை அரித்துவிடும். ஆகவே டியூப் டி.வி.யில் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். லென்ஸைச் சுற்றி இப்போதே ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கிறதா என்பதை மட்டும் விரலால் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், தம்பி. ஈரம் இருந்தால் இன்றைய ஆட்டத்தை வேறு டி.வி.யில் பார்ப்பது நல்லது.

பாம்பன் விசைப்படகு
பதில் வருமா என்று தெரியவில்லை, காக்கா. இரண்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.