பெர்மாஃப்ராஸ்ட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வியாழன் மாலைக்குள்

உதகை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'சூடேறும் மலைகள்' என்று ஒரு பதாகை தயாரிக்கிறார்கள். வியாழன் மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் ஒன்றில்தான் வண்டி நிற்கிறது.

'நிரந்தர உறைபனி' என்று எழுதி வைத்திருந்தேன். 'ஆல்ப்ஸ் மலையில் நிரந்தர உறைபனி உருகுவதால் பாறைகள் சரிகின்றன' என்ற வரியைப் படித்துவிட்டு, தலைகுந்தாவிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "உறைபனி தினமும் ஒன்பது மணிக்கு உருகத்தானே செய்கிறது டீச்சர்? எங்கள் ஊரில் ஒரு கல்லும் விழவில்லையே." பின்வரிசைப் பையன் ஒருவன், "உருகினால் அது எப்படி நிரந்தரம்?" என்றான். இரண்டுமே சரியான கேள்விகள். பழுது சொல்லில் இருக்கிறது.

பொருள் இதுதான்: தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம். மண்ணாக இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். உள்ளே பனிக்கட்டி இருந்தே தீர வேண்டும் என்பதுகூட இல்லை. அதன்மேல் கோடையில் இளகிக் குளிர்காலத்தில் மறுபடி உறையும் ஒரு மண் அடுக்கு உண்டு. அதற்கும் ஒரு பெயர் தேவை.

கொடைக்கானல், செவ்வாய் காலை

அம்மையீர், 'நிரந்தரம்' வடசொல், அதை நீக்கியது நன்று. 'நிலைபனி' என்க. பனித்தல் என்றால் நடுங்குதல். நடுங்கச் செய்வதால் குளிர் பனியாயிற்று. கண்ணில் நீர் துளிர்ப்பதும் பனித்தலே. புறநானூற்று ஆறாம் பாட்டு இமயத்தை 'வடாஅது பனிபடு நெடுவரை' என்கிறது. அங்கே பனி என்பது நம் மார்கழிப் பனியன்று, மலைமேல் ஆண்டு முழுதும் கிடப்பது. ஆண்டை ஆறாகப் பகுத்து அதில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே ஒதுக்கிய மொழி நமது. துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, கட்டி என ஐந்தையும் ஒரு சொல் தாங்குகிறது. ஆறாவதைத் தாங்காதா?

கோத்தகிரி, செவ்வாய் மதியம்

புலவர் ஐயா, ஐந்தைத் தாங்குவதுதான் சிக்கலே. தேயிலைக்காரனுக்கு நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு. நீர்ப்பனி என்றால் போர்த்திக்கொண்டு தூங்கலாம். உறைபனி என்றால் முந்தின நாளே தாகைச் செடி வெட்டி வந்து இளஞ்செடிகளை மூட வேண்டும். மூடாமல் விட்ட செடி வெயில் ஏறியதும் கருகிவிடும். பனி என்றாலே எங்கள் பிள்ளைகளுக்கு இரவில் இறங்கி விடிந்ததும் போவதுதான் நினைவுக்கு வரும். டீச்சர் சொல்வதோ மண்ணுக்கு அடியில் கிடப்பது.

பேசாமல் பெர்மாஃப்ராஸ்ட் என்றே எழுதுங்கள். உதகைக்குப் பக்கத்து அவலாஞ்சியைப் பாருங்கள். பனிச்சரிவுக்கான ஆங்கிலச் சொல்லை வெள்ளைக்காரர்கள் நம் மண்சரிவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பொருள் தெரியாமலே தாத்தா காலத்திலிருந்து அவலாஞ்சி என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், பஸ் போய்த் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

வெலிங்டன், செவ்வாய் இரவு

நான் ராணுவப் பொறியியல் பிரிவில் சுபேதாராக இருந்தவன். சொல்லாராய்ச்சி எனக்கு வராது. ஆனால் அந்த நிலத்தைத் தோண்டியிருக்கிறேன்.

லடாக்கில் ஐயாயிரம் மீட்டருக்கு மேலே, ஆகஸ்ட் மாதம். கம்பம் நட ஒரு குழி வேண்டும். முதல் இரண்டடி ஈர மண், மண்வெட்டியிலேயே வந்துவிட்டது. அதற்குக் கீழே கடப்பாரையைப் போட்டால் டங்கென்று எகிறியது. பாறை என்று நினைத்தோம். பாறையே இல்லை, அதே மண்தான். அரை மணி நேரம் இடித்து உள்ளங்கையளவு ஒரு கட்டி பெயர்ந்தது. கறுத்த மண், நடுவில் நூல் நூலாக வெள்ளை. அதை ஒரு தகரத் தட்டில் வைத்துக் கூடாரத்துப் புகாரி அடுப்பின் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனேன். இரவுச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் தட்டில் கேழ்வரகுக் கூழ் மாதிரி கிடந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லோரும் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். எனக்கு வினைச்சொல்லில்தான் உறுத்துகிறது. உருகியிருந்தால் தட்டில் தண்ணீர் அல்லவா இருக்க வேண்டும்? கல்லாக இருந்த மண் கூழானது. பனிக்கட்டி உருகும், நிலம் இளகும். இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது.

மலையில் விளைவும் அப்படித்தான். செங்குத்துப் பாறையின் விரிசல்களில் இருக்கும் பனிக்கட்டிதான் சாந்து. 0 டிகிரியை எட்டும் வரைகூட அது காத்திருப்பதில்லை, மைனஸ் ஒன்றிலேயே பிடிமானம் தளரத் தொடங்கிவிடுகிறது. 2003 கோடையில் ஐரோப்பாவில் அனல் அடித்தபோது மேட்டர்ஹார்ன் சிகரத்திலிருந்தே பாறை கழன்று விழுந்தது. 2017 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பிஸ் செங்காலோவில் ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்து 8 மலையேறிகள் இறந்துபோனார்கள். அதற்கு இது ஒன்றே காரணமில்லை, காரணங்களில் ஒன்று. அந்த நாட்டில் கோர்வாட்ச் மலையில் 1987-இல் ஆழ்துளை போட்டு உள்ளே வெப்பத்தை அளந்து வருகிறார்கள். அளவு ஏறிக்கொண்டே போகிறது. சீனர்கள் திபெத் ரயில் பாதையில், 2006-இல் லாசா வரை ஓடத் தொடங்கியதே அதில், பாதையோரமாகக் குழாய்களை நட்டு, மண்ணின் சூட்டைக் குளிர்காலத்தில் வெளியே இழுத்துவிடுகிறார்கள். மண் இளகக் கூடாது என்பதற்காக அத்தனை செலவு.

என் பரிந்துரை: உறைநிலம். மேலடுக்குக்கு இளகுபடலம்.

தாண்டிக்குடி, புதன் காலை

வீட்டில் 'உறைநிலம்' என்று சொல்லிப் பார்த்தேன். "யார் உறை ஊற்றியது?" என்று கேட்டுவிட்டு மாமியார் தயிர்ச்சட்டியைத் திறந்து பார்த்தார். இருந்தாலும் என் ஓட்டு சுபேதார் ஐயாவுக்கே.

கொடைக்கானல், புதன் காலை

சுபேதார் ஐயாவின் 'இளகு' பொன்னான சொல், தலைவணங்குகிறேன். 'உறைநிலம்' அப்படியன்று. அது வினைத்தொகை. 'காலம் கரந்த பெயரெச்சம்' என்பது நன்னூல். உறைந்த நிலம், உறைகின்ற நிலம், உறையும் நிலம் என்று மூன்றும் அதற்குள் ஒளிந்திருக்கும். இப்பொருளின் உயிரே காலத்தில் இருக்கிறது. இரண்டாண்டு என்றல்லவா இலக்கணம் வகுத்திருக்கிறார்கள்? காலத்தால் அளக்கும் ஒன்றுக்குக் காலத்தை மறைக்கும் தொகையா? உங்கள் ஊர் உறைபனி படிந்த புல்வெளியும் அந்த ஓரிரவுக்கு உறைநிலம்தானே?

இரண்டாவது, உறைதல் என்றால் தங்குதல். இறைவன் உறையும் இடம் என்கிறோம். வீட்டுமனை விற்பவர்கள் இச்சொல்லைக் கண்டால் விடமாட்டார்கள். மூன்றாவது, 'உறைநிலை' என்று பாடநூலில் ஏற்கெனவே ஒன்று உண்டு. ஓரெழுத்து வேறுபாடு, அச்சில் புரளும்.

நெட்டுறைநிலம் என்க. நெடுங்காலம் உறைந்த நிலம்.

பெரியகுளம், புதன் மதியம்

படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன் நான், ஒன்று மட்டும். 'நிரந்தர' என்று எழுதிய டீச்சர் வெட்கப்பட வேண்டியதில்லை. ரஷ்யர்களே முதலில் இதை 'வேச்னயா மெர்ஸ்லோட்டா' என்றார்கள், என்றென்றைக்குமான உறைவு என்று பொருள். பிறகு அவர்களுக்கே உறுத்தி, அறிவியல் எழுத்தில் 'பல்லாண்டு உறைவு' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலச் சொல் 1943-இல் அமெரிக்க நிலவியலாளர் சைமன் முல்லர் கட்டியது. நிரந்தரம், உறைபனி இரண்டையும் வெட்டி ஒட்டியதுதான். ஆக, டீச்சரின் பிழை நல்ல பரம்பரையில் வந்தது. பல்லாண்டு என்பதைத் தமிழில் பிடித்தால் என்ன? 'பல்லாண்டுறை' என்று நினைத்தேன், பெரியாழ்வார் குறுக்கே வந்தார். விட்டுவிட்டேன்.

இன்னொன்று. வடதுருவத்தைச் சுற்றியுள்ள இந்த நிலத்தில் அடைபட்ட கரிமம் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன், காற்றில் இருப்பதைப் போல இரு மடங்கு. பதாகையில் அதுவும் இருக்கட்டும்.

கோத்தகிரி, புதன் மதியம்

பதாகையின் தலைப்பு மலைகள். வடதுருவம் அடுத்த கண்காட்சிக்கு இருக்கட்டும். நெட்டுறைநிலம் என்பதைப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பல்லும் நாக்கும் கூடுதலாக வேண்டும்.

உதகை, புதன் இரவு

இன்று கரும்பலகையில் மூன்றையும் எழுதினேன். 'நிலைபனி' என்றதும் தலைகுந்தாப் பெண் கையைத் தூக்கிவிட்டாள், பழைய கேள்விதான். 'நெட்டுறைநிலம்' என்பதை நெட்டை என்று பிரித்து, குட்டை உறைநிலமும் உண்டா என்றார்கள். மன்னியுங்கள் ஐயா. 'உறைநிலம்' என்றதும் "உறைந்துபோன நிலம்" என்று நாலைந்து குரல். காலம் கரந்தது உண்மைதான், பிள்ளைகள் தாங்களாகவே அதைக் கண்டுபிடித்து இறந்தகாலமாக்கிக் கொண்டார்கள். இரண்டாண்டுக் கணக்கைச் சொல்லுக்குள் திணிக்காமல் கீழே ஒரு வரியில் எழுதிவிடுகிறேன்.

இளகுவதுதான் உடனே ஒட்டியது. "மழைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் இளகுமே, அது மாதிரியா?" என்றான் பின்வரிசைப் பையன். முழுக்க அதுவல்ல, நம் மண்ணை இளக்குவது தண்ணீர், அங்கே சூடு என்றேன். "விழுவது ஒன்றுதானே" என்றான்.

உறைநிலத்துக்கு நான்கு பேர், தனிமடலில் வந்த இரண்டையும் சேர்த்து. நெட்டுறைநிலத்துக்கு ஒருவர், பெர்மாஃப்ராஸ்ட்டுக்கு ஒருவர். அதைச் சிறிய எழுத்தில் கீழே போடுகிறேன், தேடிப் படிக்க உதவும்.

உதகை, வியாழன் இரவு

கொடுத்துவிட்டேன். அச்சகத்தார் காட்டிய மாதிரியில் மூன்று இடத்தில் 'உறைநிலை' என்று இருந்தது. நின்று திருத்திவிட்டு வந்தேன். 'இளகுபடலம்' பிழையில்லாமல் வந்திருக்கிறது.

கொடைக்கானல், வியாழன் இரவு

நெட்டுறைநிலம் என்று கொடுத்திருந்தால் நின்றிருக்க வேண்டியதில்லை.