வெண்டைக்காய் நட்சத்திரம் வெச்சு கிறிஸ்துமஸ் கார்டு

ராயபுரம் டீச்சர்:
சண்டே ஸ்கூல் பிள்ளைங்களோட கார்டு செய்யணும். அட்டையை மடிச்சா விளிம்பு வெடிக்குது, ஃபெவிகால் வெச்சா வளையுது. என்ன செய்யலாம்?

பெரம்பூர் பேப்பர்:
ஃபெவிகால்ல இருக்கிற தண்ணியைக் காகிதம் உறிஞ்சி உப்பிடுதுங்க டீச்சர். பல்குத்தும் குச்சியால விளிம்புல மட்டும் மெல்லிசா தடவி, கனமான புத்தகத்துக்கு அடியில ஒரு மணி நேரம் வைங்க. பெரிய பரப்புக்கு க்ளூ ஸ்டிக்தான் சரி. மடிக்கிற இடத்துல ஸ்கேல் வெச்சு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால அழுத்திக் கோடு இழுங்க, வெடிக்காது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அட்டை கேளுங்க.

தண்டையார்பேட்டை அக்கா:
அச்சுக்கு வெண்டைக்காய் போதும். கொஞ்சம் முத்தின காயா எடுத்து, காம்புப் பக்கம் ஒரே வெட்டா வெட்டுங்க. ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். வெட்டின முகத்தைத் துணியில ஒத்தி 10 நிமிஷம் காயவிடணும். வழவழப்பு இருந்தா பெயின்ட் வழுக்கி முனையெல்லாம் கலைஞ்சிடும். போஸ்டர் கலரைத் தண்ணி விடாம ஸ்பாஞ்சுல தடவி, அதுல காயை ஒத்தி எடுத்து அட்டையில அழுத்துங்க.

ராயபுரம் டீச்சர்:
ஜிகினாத் தூள் போடலாமா?

தண்டையார்பேட்டை அக்கா:
தாராளமா. டிசம்பர் ஈரக்காத்துல பசை மெதுவாத்தான் காயும். ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் தட்டி உதறிட்டு உறையில போடுங்க.