ரப்பர் விளைக்குள்ள போற மண்பாதைக்கு சிமெண்டா சுண்ணாம்பா?

விளைவீடு:
வீடு குலசேகரம் பக்கம், ரோட்டுல இருந்து ரப்பர் விளை வழியா 150 அடி மண்பாதை, அகலம் 10 அடி. மழை பெஞ்சா ஒரே தொளி, பைக் கூட ஏறாது. கான்கிரீட் போட காசு இல்ல. கெடக்க செம்மண்ணுலயே சிமெண்ட் கலந்து இடிச்சா போதும்னு கொத்தனார் சொல்லுதாரு, மாமா சுண்ணாம்பு தான்னு ஒத்தக்கால்ல நிக்காரு. எது சரி?

தக்கலை_சிவில்:
ரெண்டு பேருமே மண்ண பாக்காம சொல்லுதாங்க. சுண்ணாம்பு களியோட சேந்தா தான் வேலை செய்யும், மணலும் சரளுமா இருந்தா சிமெண்ட் தான். மேல் மண்ண அரை அடி வழிச்சு தள்ளிருங்க, இலை வேரு மக்கினது இருந்தா சிமெண்ட் சரியா பிடிக்காது. அடி மண்ணு கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல போட்டு தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு விட்டு குலுக்கி ஒருநாள் அசைக்காம வைங்க, மணல் அடில உக்காரும், களி மேல நிக்கும், எது எவ்வளவுன்னு கண்ணுக்கே தெரியும்.

மணலா இருந்தா கணக்கு இதாக்கும்: அரை அடி கனத்துக்கு 750 கன அடி, இறுகின மண்ணு சுமார் 38 டன், 5 சதவீதம்னா 38 மூட்டை சிமெண்ட். அதாவது பாதைல 4 அடிக்கு ஒரு மூட்டை. கலந்து தண்ணி விட்டா 2 மணி நேரத்துக்குள்ள இடிச்சு முடிக்கணும், பொறவு ஒரு வாரம் நனைச்ச சாக்கு போட்டு மூடணும். டீ குடிச்சுட்டு வாறோம்னு ஆளுங்க போனா போச்சு.

திங்கள்சந்தை_காரன்:
மக்கா சிமெண்ட் எல்லாம் இருக்கட்டும் மொதல்ல ரெண்டு பக்கமும் ஓடை வெட்டு, நடுவுல கொஞ்சம் மேடா வை. தண்ணி தேங்குனா எத கலந்தாலும் நிக்காது. இன்னொண்ணு, மேல ஒண்ணும் போடாம வண்டி விட்டா டயரு சொரண்டிரும், சரளோ பேவரோ ஏதாவது வேணும்.

விளைவீடு:
பாட்டில் பாத்தாச்சு. மேட்டுப்பக்கம் முக்காவாசி மணல். வீட்டுப்பக்கம் கடைசி 40 அடி பழைய வயல நிரப்புன இடம், அதுல பாதிக்கு மேல களி, கையில ஒட்டுது.

தக்கலை_சிவில்:
அப்போ மாமாவும் ஜெயிச்சாரு 😀 அந்த 40 அடிக்கு மொதல்ல நீத்துன சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்புல தண்ணி விட்டு பொடியாக்குனது) 3-4 சதவீதம், ஈரத்தோட கலந்து ஒருநாள் விடுங்க, ஒட்டுற களி பொடிப்பொடியா உதிரும். அதுக்குப் பொறவு சிமெண்ட் கலந்து இடிக்கலாம். பிரிச்சு காத்துபட்டு கெடந்த பழைய சுண்ணாம்பு வாங்காதீங்க, அதுல சத்து போயிருக்கும். சுட்ட சுண்ணாம்பா வாங்கி அங்கயே நீத்தணும்னா கண்ணாடி, கையுறை இல்லாம ஆள இறக்காதீங்க, கண்ணுல தெறிச்சா கண்ணு போயிரும்.

மொத்தமா வாங்குறதுக்கு முன்ன மண்ணுல சிமெண்ட் 4, 6, 8 சதவீதம் கலந்து தனித்தனியா சின்ன கட்டி பிடிச்சு ஒரு வாரம் ஈரச்சாக்குல மூடி வச்சு, ராத்திரி முழுக்க தண்ணில போடுங்க. கரையாம நிக்கதுல எது கொறஞ்ச சதவீதமோ அத எடுங்க. வேலைய பெப்ரவரில வைங்க, நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை.

விளைவீடு:
சரி அண்ணே. கட்டி பிடிக்க சிமெண்ட் அரை மூட்டை சில்லறையா கெடைக்குமா இல்ல முழுசா வாங்கணுமா?

திங்கள்சந்தை_காரன்:
கொத்தனார்ட்ட கேளு, ஒரு வாளி தருவாரு.