செத்துப்போன தாத்தாவே திரும்ப பொறந்திருக்காரா?

லயத்துப்பேரன்:
வணக்கம், நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். அக்கா மவனுக்கு மூணு வயசு. போன வாரம் வீட்டு முன்னால மாமரத்துகிட்ட நின்னு, பட்டைமேல கட்டவெரல வச்சி எதையோ உரிச்சி இழுத்து உள்ளங்கையில உருட்டி இடுப்புல சொருகுறான். பாத்த பாட்டி அப்பிடியே ஒக்காந்துட்டாங்க, தாத்தா கோட்டுப்பால் (ரப்பர் மரத்துல வெட்டுன கோட்டுல காஞ்சி ஒட்டியிருக்கற பால்) எடுக்கற மாதிரியே இருக்காம். தாத்தாவுக்கு ரப்பர் மரத்துல பால்வெட்டுற வேலை, இவன் பொறக்க ரெண்டு வருசம் முன்னாடியே தவறிட்டாரு. இப்ப இங்க எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை), கித்தா (ரப்பர்) மரத்தையே இவன் பாத்ததில்ல. தாத்தாவுக்கு உளி பட்ட தழும்பு இருந்த எடது கையில இவனுக்கு மச்சம் வேற. மறுபிறவி நெசமா? கிண்டல் பண்ணாதீங்க லா.

செம்பருத்தி:
நம்பு தம்பி. அமெரிக்காவுல வெர்ஜினியா யூனிவர்சிட்டில இயன் ஸ்டீவன்சன்னு ஒரு மனநல டாக்டர், 2007ல தவறிட்டாரு, இந்தியா ஸ்ரீலங்கா லெபனான்னு அலைஞ்சி இந்த மாதிரி பிள்ளைங்க கேஸு 2,500க்கு மேல சேத்திருக்காங்க அவரும் கூட இருந்தவங்களும். ரெண்டு, மூணு வயசுல பேச ஆரம்பிச்சி ஏழு எட்டுல மறந்துடுமாம். செத்தவங்களுக்கு காயம் இருந்த எடத்துல மச்சத்தோட பொறந்த கேஸும் உண்டு.

கணக்கு வாத்தியார்:
அந்த டாக்டரே நிரூபிச்சிட்டேன்னு சொல்லலையே அக்கா. 1966 புத்தகத்துல 'மறுபிறவியா இருக்கலாமோனு நெனைக்க வைக்கிற' கேஸுங்கனுதான் தலைப்பே. நெறைய கேஸுல அவரு போய் சேர்றதுக்குள்ள ரெண்டு குடும்பமும் பாத்து பேசி முடிச்சிருக்கும், யாரு மொதல்ல எதச் சொன்னாங்கனு எப்பிடி பிரிக்கறது? தம்பி, மச்சத்த பொறந்தன்னிக்கே பாத்தீங்களா இல்ல இப்ப தேடிப் புடிச்சீங்களா? என் மவ செவுத்து ஸ்டிக்கர உரிச்சி உருட்டுறா, எங்க வம்சத்துல யாரும் போஸ்டர் ஒட்டினதில்ல. தாத்தா பாட்டி ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் ஒன்னு கேட்டுப் பாரு, எடுத்துக் குடுக்காம.

தேவாரம்:
நம்மாளுங்களே இதுல ஒத்துப்போகல. சாவு வீட்டுல பாடுற சிவபுராணத்துல புல்லு பூடு புழுனு எல்லாப் பிறப்பும் பிறந்து இளைச்சிட்டேன்னு மாணிக்கவாசகர் அழுவுறாரு. சிவவாக்கியரோ கறந்த பால் மடிக்குள்ள திரும்பிப் போகாது, செத்தவன் பொறக்கமாட்டான், இல்ல இல்லனு அடிச்சி சொல்றாரு. ரெண்டு பேருமே சிவனடியாருங்க. இன்னொன்னு, தாத்தா திரும்பி வந்துட்டாருன்னா முக்தி கெடைக்கலனுதான அர்த்தம், அதுக்குப் போயி நாம சந்தோசப்படுறோம்.

லயத்துப்பேரன்:
வாத்தியாரே, கேட்டாச்சு. பாட்டி காப்ப தாத்தா அடகு வச்சி ரசீத எங்கயோ ஒளிச்சாராம், 'அது எங்கனு கேளு'ன்னாங்க. பையன் என்னையே பாத்துட்டு ரொட்டி வேணும்னான். பாட்டி சொல்றாங்க, "அவரேதான்டா, காப்பு பேச்ச எடுத்தா அவரும் இப்பிடித்தான் சோறு கேப்பாரு."