எபாக்சிக்குப் பதிலாக முந்திரிக்கொட்டை எண்ணெய்: 12 அடி பிளைவுட் தோணிக்குச் சரிப்படுமா?

அலையாத்தி, முத்துப்பேட்டை

வணக்கம். லகூனுக்குள் ஓட்ட 12 அடித் தோணி. 6 மி.மீ. மரைன் பிளைவுட், கம்பியால் தைத்து ஒட்டும் முறை. அடிப்பக்கம் 5 சதுர மீட்டர் வரும், 200 கிராம் கண்ணாடி இழைத் துணி போர்த்தப் போகிறேன். பெட்ரோலிய எபாக்சியை முடிந்தவரை குறைக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் டின்னில் கிடைக்கிறதே, அதை எபாக்சியில் கலக்கலாமா? எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெய் என்றும் ஒன்று விற்கிறார்கள். எது உருப்படும்?

கலவைக்கணக்கு

இரண்டையும் நேரடியாக ஊற்றாதீர்கள்.

பச்சை முந்திரிக்கொட்டை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். எபாக்சி என்பது ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்று இரண்டு சரக்கு. ஹார்டனரில் வேலை செய்வது அமீன், அமிலம் அதைப் பிடித்துக்கொள்ளும். மீதி எண்ணெய், எபாக்சி இறுகும்போது உண்டாகும் வலைப்பின்னலில் சேராமல் இடையில் கிடந்து படலத்தை ரப்பர் மாதிரி ஆக்கிவிடும். தோலும் புண்ணாகும்: சேராங்கொட்டை இதே குடும்பம் என்றால் புரிந்துகொள்வீர்கள்.

சோயா எண்ணெயில் இருக்கும் எபாக்சி வளையங்கள் கொழுப்புச் சங்கிலியின் நடுவில் உட்கார்ந்திருக்கும். சாதாரண வெப்பத்தில் அமீன் அவற்றை எட்டிப் பிடிப்பதற்குள் மாதம் போய்விடும். பி.வி.சி.யை இளக்கத்தான் அது பெரிதும் போகிறது. அடுப்பில் வைத்து இறுக்கும் வேலைக்குச் சரி, தோணியை எந்த அடுப்பில் வைப்பீர்கள்?

தாவரம் உருப்படியாக நுழையும் வழி ஹார்டனர். முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சூடாக்கினால் அமிலம் கார்பன் டை ஆக்சைடை விட்டு கார்டனால் ஆகும். அதை வெற்றிடத்தில் வடித்து, ஃபார்மால்டிஹைடும் பாலிஅமீனும் சேர்த்துச் செய்வது ஃபீனால்கமைன். அதனால் அதுவும் முழுக்கத் தாவரம் இல்லை. ஆனால் நம் கடலோரத்துக்கு ஏற்ற சரக்கு அதுதான். ஈரக்காற்றிலும் இறுகும், சாதாரண அமீன் ஹார்டனர் போல மேலே வெள்ளைப் பிசுக்கு எளிதில் பூக்காது. குறை, நிறம் கருஞ்சிவப்பு. மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் இது ஆகாது.

ரெசின் பக்கம், கிளிசரினிலிருந்து எடுத்த எபிகுளோரோஹைட்ரின் என்ற மூலப்பொருள் கொண்டு செய்த சரக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமான பிஸ்பீனால்-ஏ வகை ரெசினின் அடிப்படை மூலக்கூறில் 21 கார்பன், அதில் 6 மட்டுமே அந்த வழியில் வருவது. ஆக ரெசினில் 28 சதவீதத்துக்கு மேல் 'பயோ' என்றால் வேறு ஏதோ சேர்த்திருக்கிறார்கள். என்ன என்று கேளுங்கள். தாவரக் கார்பன் எவ்வளவு என்று அளக்கும் ஏ.எஸ்.டி.எம். டி6866 கார்பன்-14 சோதனை அறிக்கை இருந்தால் பேச்சு முடிந்தது. ஒன்று மட்டும்: இறுகிய பின் எல்லாம் ஒன்றே, எதுவும் மண்ணில் மக்காது.

துறைமேடு

மேலே சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெசினின் ஈக்விவலன்ட் எடை (ஒரு பங்கு எபாக்சி வளையம் உள்ள ரெசினின் எடை) 190, ஹார்டனரின் ஆக்டிவ் ஹைட்ரஜன் எடை (அந்த வளையத்தோடு சேரும் ஒரு பங்கு ஹைட்ரஜன் உள்ள ஹார்டனரின் எடை) 125 என்று டேட்டா ஷீட்டில் இருந்தால், 125-ஐ 100-ஆல் பெருக்கி 190-ஆல் வகுங்கள்: 100 கிராம் ரெசினுக்கு 66 கிராம் ஹார்டனர். ஃபைபர் படகு ஆட்கள் பாலியெஸ்டர் ரெசினில், அதை இறுக்கும் கேட்டலிஸ்டைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள். எபாக்சியில் அந்தக் கைப்பழக்கம் வேலையைக் கெடுக்கும். கூட ஊற்றினால் வேகமாக இறுகாது, கூடுதலாக ஊற்றியது இறுகாமலே நிற்கும். கிராம் தராசு வைத்தே ஆக வேண்டும்.

5 சதுர மீட்டருக்கு: முதல் பூச்சு 600 கிராம், துணி ஊற 1 கிலோ, நெசவு மறைய இரண்டு பூச்சு 1.5 கிலோ. சேதாரம் சேர்த்து 3.5 கிலோ கலவை, அதாவது ரெசின் 2.1, ஹார்டனர் 1.4. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் தட்டையான தட்டில் கொட்டுங்கள். குவளையில் விட்டால் சூடேறிப் புகையும்.

முதல் பூச்சை மூன்று மணிக்கு மேல், வெயில் இறங்கும்போது போடுங்கள். காலையில் போட்டால் மரம் சூடாகச் சூடாக உள்ளே இருக்கும் காற்று விரிந்து படலத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பும். அடுத்த பூச்சு, விரலில் ஒட்டும் ஆனால் விரலோடு வராத பதத்தில். அது தாண்டிவிட்டால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாள்.

ஈரம் தாங்கும் ஹார்டனர் என்பதற்காக நனைந்த பிளைவுட்டில் அடிக்காதீர்கள். அடைபட்ட ஈரம் பிறகு படலத்தைத் தூக்கும். மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டால் நல்லது. ஐப்பசியில் வேண்டவே வேண்டாம்.

அலையாத்தி

நன்றி அண்ணே. துணிக்குப் பதில் சணல் போட்டால் இன்னும் இயற்கையாகுமே? பலகைகள் சேரும் மூலைகளை நிரப்பும் கலவையில் ரைஸ்மில் உமிச்சாம்பல் கலக்கலாமா?

கலவைக்கணக்கு

சணலில் ஏமாந்துவிடுவீர்கள். அதே பரப்புக்குக் கண்ணாடித் துணியைவிட இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். குறைக்க நினைத்த பெட்ரோலியம் அதிகமாகும். வெட்டிய ஓரம் வழியே தண்ணீரும் ஏறும். ஃபைபர் படகுக்கு வாங்கும் மேட்டும் (கண்ணாடி இழைப் பாய்) வேண்டாம், அதன் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பைண்டர் பாலியெஸ்டரின் ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது. எபாக்சியில் விறைத்தே நிற்கும்.

உமிச்சாம்பல் நல்ல யோசனை. வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, மெல்லிய துணியில் சலித்து, பாதிக்குப் பாதி மரத்தூளோடு கலந்து, தேங்காய்த் துவையல் பதம் வரும்வரை ரெசினில் சேருங்கள். சாம்பலை மட்டும் போட்டால் செங்குத்தில் வழியும், இறுகியபின் தேய்க்கவும் வராது, சிலிக்கா அல்லவா. சலிக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

ஒரு வாரம் கழித்து ஓரத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அளவு தவறிவிட்டது. அந்த இடத்தைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும், மேலே இன்னொரு பூச்சு அடித்து மூடக் கூடாது. சரியாக இருந்தால் பெயின்ட் அடித்து முடியுங்கள், வெறும் எபாக்சியை வெயில் தின்றுவிடும்.