கொத்தமல்லிக்கு அறுப்புக்கு முன்னாடி ஜீவாமிர்தம் தெளிக்கலாமுங்களா?

மல்லிப்பாத்தி:
தொண்டாமுத்தூர் பக்கம் 30 சென்ட்ல கொத்தமல்லியும் புதினாவும் போட்டிருக்கேனுங்க. ரெண்டு நாட்டு மாடு இருக்கு. சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து புளிக்கவெச்ச ஜீவாமிர்தத்தை இலை மேலயே தெளிப்பேன். அறுப்புக்கு மூணு நாள் முன்னாடி கடைசித் தெளிப்பு, பச்சை நல்லா ஏறும். கட்டு கட்டினதும் பக்கத்துக் குட்டையில முக்கி எடுத்துத்தான் கூடையில அடுக்குவோம். வாடிக்கையா வாங்குற அம்மா போன வாரம், "சாணி அடிச்சதைப் பச்சையா அரைச்சுப் பேத்திக்குக் குடுக்கலாமா கண்ணு?"ன்னு கேட்டாங்க. "கழுவிட்டுக் குடுங்கம்மா"ன்னுட்டேன். அந்தக் குழந்தைக்கு மூணு வயசு. நான் சொன்னது சரிதானான்னு மனசு அடிச்சுக்குது.

வரப்போரம்:
தாத்தா காலத்துல இருந்து சாணிதானுங்க. ஒண்ணும் ஆகலை. மருந்தடிச்ச கீரைக்கு இது எவ்வளவோ மேல்.

எருக்குழி:
வரப்போரம் தம்பி, தாத்தா காலத்துல சாணி மண்ணுக்குத்தான் போச்சு, அறுக்கப்போற இலைக்குப் போகலை. குப்பைக்குழியில மாசக்கணக்கா மக்கி, உழவுக்கு முன்னாடிதான் வண்டியேறும்.

அம்மிணி, ஈ.கோலை ஓ157ங்கற கிருமி மாட்டுக் குடல்ல இருந்தாலும் மாட்டுக்கு ஒண்ணும் செய்யாது. குழந்தை வயித்துக்குள்ள போனா ரத்தபேதி. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகமே செயலிழந்துடும், அஞ்சு வயசுக்குள்ளதான் அந்த ஆபத்து அதிகம். 2006ல அமெரிக்காவுல பாக்கெட்ல வந்த பசலைக்கீரையைத் தின்னு சுமார் 200 பேர் படுத்தாங்க, 3 பேர் செத்தாங்க. கலிபோர்னியாவுல அந்த வயலை ஒட்டின மாட்டுச் சாணியிலயும் காட்டுப்பன்றி எச்சத்துலயும் அதே கிருமி கிடைச்சுது. அந்தக் கீரை குளோரின் தண்ணியில கழுவியே பாக்கெட்டுக்குப் போனது. கழுவினா அழுக்கு போகும். இலை மடிப்புலயும் வெட்டின காம்புலயும் ஒட்டினது முழுசாப் போகாது.

புளிச்சா செத்துடும்னும் நம்பிடாதீங்க. பீப்பாய்ல போடற வெல்லமும் பயறு மாவும் அந்தக் கிருமிக்கும் தீனிதான்.

அமெரிக்காவுல இயற்கை விவசாயச் சான்றுக்கே, விளைச்சல் மண்ணைத் தொட்டா, மக்காத சாணியை அறுப்புக்கு 120 நாள் முன்னாடியே மண்ணுல கலந்திருக்கணும். மல்லியே 40 நாள் பயிர். அப்ப பச்சைச் சாணி முந்தின பயிருக்குத்தான் போகணும். வெட்ட வெட்டத் துளிர்க்கற புதினாவுக்குப் போடவே கூடாது. மல்லிக்கு மக்கின எரு போடுங்க. குவியல் நடுவுல 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் நிக்கணும், அதுக்குள்ள அஞ்சு தடவை புரட்டணும். ஓரத்துல இருக்கறது நடுவுக்கு வந்து வேகணும், அதுக்குத்தான் புரட்டறது.

சாணியை விட எனக்குப் பயம் அந்தக் குட்டை. புதுசா அறுத்த காம்பு தண்ணியை உறிஞ்சும். ஒரு கட்டுல இருக்கறது மத்த கட்டுக்கெல்லாம் பரவிடும். நீங்க குடிக்கற தண்ணியையே மேல ஊத்துங்க, முக்காதீங்க.

வாசப்படி:
நான் முளைகட்டின வெந்தயம் விக்கறேங்க. அதுக்குச் சாணியே கிடையாது, பயமில்லைதானே?

எருக்குழி:
இருக்கும்மா. 2011ல ஜெர்மனியில 50 பேருக்கு மேல செத்தது முளைகட்டின வெந்தயத்தாலதான். கிருமி விதையிலயே வந்திருக்கணும்னுதான் விசாரணையில சொன்னாங்க. ஈரமும் கதகதப்பும் இருந்தா ரெண்டே நாள்ல பெருகிடும். ஆவியில வேகவெச்சுச் சாப்பிடச் சொல்லி விக்கறது நல்லது.

மல்லிப்பாத்தி:
அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேனுங்க, கொதிக்கற ரசத்துல போட்டுக் குடுங்க, பச்சையா வேண்டாம்னு. இந்த வாரம் மல்லி அறுக்கலை. போர் தண்ணிக்குழாயைக் கட்டு கட்டற இடம் வரைக்கும் இழுக்கச் சொல்லியிருக்கேன். அந்தத் தண்ணியை எங்க குடுத்துச் சோதிக்கறதுங்க அண்ணா?

எருக்குழி:
மாவட்டத்துல குடிநீர் வாரிய ஆய்வுக்கூடம் இருக்கும். கிருமி சோதனைன்னு சொன்னா பாட்டில் அவங்களே குடுப்பாங்க. அதைக் கழுவிடாதீங்க.