‘பிரேக் ஃபீல்’: பிடியுணர்வு, முதற்பிடி, பிடிப்பதம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பைக்கின் பிரேக்கை அழுத்தும்போது ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் கிடைக்கும் உணர்வே ‘பிரேக் ஃபீல்’. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘நிறுத்துதிறன்’ நல்ல சொல்தான். ஆனால் அது வேறொன்றுக்கு உரிய பெயர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், விநாடிக்கு விநாடி 8 மீட்டர் என்ற எதிர்முடுக்கத்தில் நின்றால், பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடியிருக்கும். நாடா வைத்து அளந்துவிடக்கூடிய இந்தத் தூரத்துக்கே நிறுத்துதிறன் பொருந்தும். ஒரே தூரத்தில் நிற்கும் இரண்டு பைக்குகளை ஓட்டிப் பார்ப்பவர், ஒன்றை ‘நம்பி அழுத்தலாம்’ என்றும் மற்றதை ‘மரக்கட்டை மாதிரி இருக்கிறது’ என்றும் சொல்வதுண்டு. தாம் கொடுத்த அழுத்தத்துக்குச் சக்கரம் எப்படி இணங்கியது என்ற செய்தி எவ்வளவு தெளிவாகத் தமக்குத் திரும்பி வருகிறது என்பதையே அவர் மதிப்பிடுகிறார்.

பட்டறைகளில் ‘பிரேக் பிடிக்குது’, ‘பிடிக்கல’, ‘கப்புன்னு பிடிக்குது’ என்றுதான் பேச்சு நடக்கிறது. வேர்ச்சொல் அங்கேயே கிடக்கும்போது நிகண்டைப் புரட்ட வேண்டியதில்லை என்பதால், ‘பிடியுணர்வு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘விரலுணர்வு’ அழகாக இருந்தாலும், பின் பிரேக்கைக் காலால் மிதிப்பதை அது விட்டுவிடுகிறது. ‘பிடிமானம்’ டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பைக் குறிக்க ஏற்கெனவே வழங்குவதால் அதைத் தொட வேண்டாம்.

பிரேக்கை அழுத்தத் தொடங்கியதுமே விழும் பிடியான ‘இனிஷியல் பைட்’ என்பதை ‘முதற்கடி’ என்றால் நாய்தான் நினைவுக்கு வரும், ‘முதற்பிடி’ போதும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டைகளே பேடுகள். உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்த பேடுகளில் முதற்பிடி பொதுவாகக் கூர்மையாகவும், நாரும் பிசினும் கலந்து செய்த ஆர்கானிக் பேடுகளில் மென்மையாகவும் இருக்கும். கூர்மையாக இருந்தாலே சிறப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறச் சற்று நேரம் ஆகும். எடை வந்து சேர்வதற்குள் பிடி முழுதாக விழுந்துவிட்டால், ஈரச்சாலையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும்.

அதற்கு அடுத்ததான ‘மாடுலேஷன்’ என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாடநூல்களில் வானொலி அலைக்குச் சொல்லப்படும் ‘பண்பேற்றம்’ இங்கே ஒட்டவே ஒட்டாது. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் பிடியும் அதே அளவு கூடி, தளர்த்தினால் அதே அளவு குறைந்து, வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்க இடம் கொடுக்கும் தன்மை இது. பாகு காய்ச்சுபவர் கம்பிப் பதம் பார்ப்பதுபோல ஓட்டுநரும் தொட்டுப் பார்த்தே இதை அறிகிறார் என்பதால் ‘பிடிப்பதம்’ என்கிறேன். லிவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைப் பெரிதாக்கினால் லிவர் குறைந்த தூரமே நகர்ந்து கல்லைப் போல உறுதியாகத் தெரியும். ஆனால் அதே பிடிக்குக் கை கூடுதலாக அழுத்த வேண்டும். சிறிதாக்கினால் கைக்கு இலகு, லிவரின் ஓட்டம் நீளும். பிரேக் ஆயில் செல்லும் பழைய ரப்பர் குழாய் அழுத்தத்தில் சற்றே உப்பினாலும் பதம் கெடும்.

சூட்டால் பிரேக்கின் பிடி குறைந்துபோகும் ‘ஃபேட்’ என்பதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட ‘மங்கல்’ வெளிச்சத்துக்குத்தான் சரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை விடாமல் அழுத்தியபடியே இறங்குபவருக்கு நேர்வது ‘சூட்டுத்தளர்வு’. இதில் இரண்டு வகையைப் பிரித்தே ஆக வேண்டும். பேட் அளவுக்கு மீறிச் சூடாகும்போது லிவர் கெட்டியாகவே இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் அதில் உண்டாகும் ஆவிக்குமிழிகள் அமுங்குவதால் லிவர் தொளதொளவென்று கைப்பிடிவரை வந்துவிடும். பிரேக் ஆயில் வகைகளில் ஒன்றான டாட் 4 ஆயிலுக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 மட்டுமே. ஆகவே முதலாவதைப் ‘பேட் தளர்வு’ என்றும், இரண்டாவதை ‘ஆயில் கொதிப்பு’ என்றும் பிரித்து எழுதலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்யும்போது பல வண்டிகளில் லிவர் விரலுக்கு அடியில் படபடக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், இதைப் பழுது என்று அஞ்சிப் பிடியை விட்டுவிடுவோருக்குச் சொல்லி விளக்க ஒரு பெயர் தேவை. ‘துடிப்பு’ என்று வைக்கலாம். ஆனால் டிஸ்க் கோணியிருந்தாலும், மெல்லப் பிடிக்கும்போதுகூட, சக்கரம் சுழலும் கணக்கில் லிவர் துடிக்கும். இவ்விரண்டையும் குழப்பாத சொற்கள் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.